பி.பி.டி., எம்.பி.டி., டி.பி.டி.: பிசியோதெரபி படிப்பில் எது எதற்கு?

பிசியோதெரபிஸ்டுகள் தங்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி ஒரு கடிதம் அனுப்பியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் படிப்புக்கு நாடு முழுவதற்குமான புதிய பாடத்திட்டம் வெளியானது. நாலரை ஆண்டுப் படிப்பு அதில் ஐந்து ஆண்டானது. சேர நீட் மதிப்பெண் வேண்டும் என்ற பேச்சும், அதற்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பும் கூடவே கிளம்பின.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு மதுரையிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் பெற்றோர்கள் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை. பி.பி.டி. மட்டும் போதுமா, முதுநிலைப் படிப்பான எம்.பி.டி. கட்டாயமா? அமெரிக்காவில் டி.பி.டி., அதாவது ‘டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி’ படித்தால்தான் மதிப்பு என்கிறார்களே, உண்மையா? நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ பிள்ளையை அனுப்புகிற குடும்பங்களுக்கு இவை சாதாரணக் கேள்விகள் இல்லை. அடிப்படையிலிருந்தே பார்த்து வருவோம்.

பிசியோதெரபிஸ்ட் என்பவர் யார்?

அரசு ஆவணங்களில் ‘இயன்முறை மருத்துவம்’. ஊரில் ‘எக்சர்சைஸ் பண்ணிவிடுறவங்க’, ‘கரண்டு வைக்கிறவங்க’. இரண்டாவது பெயர்கள் தொழிலின் ஒரு மூலையை மட்டுமே காட்டுகின்றன.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணை மற்றும் உடல்நலப் பணியாளர் ஆணையச் சட்டம் இதற்கு ஒரு வரையறை தருகிறது. அசைவிலும் உடல் இயக்கத்திலும் வரும் கோளாறு, ஊனம், அடிபட்ட வலி, நோயால் வரும் வலி ஆகியவற்றுக்காக நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து, உடற்பயிற்சி, மூட்டுகளை அசைத்துச் செய்யும் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மின்சிகிச்சை, வெப்பச் சிகிச்சை போன்றவற்றால் சிகிச்சை அளிப்பவர் பிசியோதெரபிஸ்ட். அவர் தனித்தும் தொழில் செய்யலாம், மருத்துவக் குழுவில் ஒருவராகவும் இருக்கலாம். குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டம்.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

1. ‘உடல்நலப் பணியாளர்’ என்ற பிரிவுக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பை, 3 முதல் 6 ஆண்டுகளில் முடித்திருக்க வேண்டும். பிசியோதெரபி இந்தப் பிரிவில் வருகிறது. ‘இணைப் பணியாளர்’ என்ற இன்னொரு பிரிவுக்கு 2,000 மணி நேரம். ஆறு மாத, ஓராண்டு ‘பிசியோதெரபி கோர்ஸ்’ என்று சுவரொட்டி ஒட்டியிருந்தால், அதைப் படித்து பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது.

2. ‘தனித்துத் தொழில் செய்யலாம்’ என்பது உரிமை மட்டும் இல்லை, பொறுப்பும்கூட. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒருவர் முதுகுவலி என்று நேராக வந்தால், அது பயிற்சியால் தீரும் வலியா, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய வலியா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காரணம் தெரியாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத இரவு வலி இவையெல்லாம் அபாய அறிகுறிகள். முதல் இரண்டும் சேர்ந்து வந்தால் தண்டுவடத்தின் கீழ்நுனி நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். அறுவைசிகிச்சை தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். அப்படிப்பட்டவரைப் படுக்கவைத்துக் கரண்டு வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

பிசியோதெரபி படிப்பு ஏன் இத்தனை ஆண்டுகள் என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது விஷயத்தில் பதில் இருக்கிறது.

டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்கு

இந்தியாவில் முறையான பிசியோதெரபிப் பள்ளி 1952-இல் பம்பாயில், கே.இ.எம். மருத்துவமனையை ஒட்டித் தொடங்கியது. இளம்பிள்ளைவாதம் பரவியிருந்த காலம் அது. இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் 1955-இல் உருவானது. நீண்ட காலம் டிப்ளமோவாகவே இருந்த படிப்பு, படிப்படியாகப் பட்டப்படிப்பானது. தமிழ்நாட்டில் பி.பி.டி., எம்.பி.டி. இரண்டும் பெரும்பாலும் சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடக்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

ஒரே நோயாளி, நான்கு நிலைகள்

பட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது. பக்கவாதம் வந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் மாணவர் அவரிடம் என்ன பார்க்கக் கற்கிறார் என்று கவனித்தால் வித்தியாசம் தானாகப் புரியும்.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வலது கை, கால் இழுத்துக்கொண்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. கை மட்டும் துணிபோலத் தொங்குகிறது.

*1. பி.பி.டி.யின் முதல் இரண்டு ஆண்டுகள்.* உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், உளவியல். அப்புறம் உயிர்இயக்கவியல், உடற்பயிற்சி சிகிச்சை, மின்சிகிச்சை, நோய்க்குறியியல், மருந்தியல். மனப்பாடப் பாடம் போலத் தெரிந்தாலும் இந்த விவசாயியின் தோளில் அது உயிர்பெறுகிறது. தோள்பட்டை மூட்டின் கிண்ணம் ஆழம் இல்லாதது. கை எலும்பின் உருண்டைத் தலையை அதில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகள்தான். வாதத்தில் அந்தத் தசைகள் தளர்ந்துவிட்டால், கையின் எடையே எலும்பைக் கீழே இழுத்துவிடும். அந்த நேரத்தில் வீட்டார் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ, விழுந்த கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாலோ தோள் விலகும். பல மாதம் விடாத வலி வரும். இதைத் தெரிந்த மாணவர் முதல் நாளே செய்யும் வேலை, நோயாளியின் மனைவிக்கும் மகனுக்கும் அவரை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எங்கே கை கொடுத்து எழுப்புவது என்று சொல்லிக்கொடுப்பது.

*2. மூன்றாம், நான்காம் ஆண்டுகள்.* எலும்பு மூட்டு, இதயம் நுரையீரல், நரம்பு, குழந்தைகள், சமூக நலம் என்று ஒவ்வொரு துறையின் நோய்களும், அவற்றுக்கான பிசியோதெரபியும். கூடவே ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் கொஞ்சம். நம் விவசாயிக்குச் சில வாரங்களில் தளர்ந்த கை இறுகத் தொடங்கும். தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் ஒரே பயிற்சி சரிவராது. உட்கார்ந்து சமநிலை பிடிப்பது, எழுவது, நடப்பது என்ற வரிசையில் எப்போது எதற்கு நகர்வது என்பதை மாணவர் இங்கே கற்கிறார். மூளையில் சேதமடையாத பகுதிகள் புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும் திறன் கொண்டவை. ஆனால் அதற்கு அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வெறுமனே கையை மடக்கி நீட்டுவதைவிட, தண்ணீர்ச் செம்பை எடுக்கப் பழகுவது பலன் தருகிறது.

*3. இன்டர்ன்ஷிப்.* தமிழ்நாட்டில் இதுவரை ஆறு மாதம். புதிய தேசியப் பாடத்திட்டத்தில் முழுதாக ஓராண்டு. 2025-இன் மாற்றங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ‘டாக்டர்’ சர்ச்சைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளி வெளியேற்றுவது, அறுவைசிகிச்சை முடிந்தவரை முதல்முறை நிற்கவைப்பது, வலிக்குப் பயந்து ஒத்துழைக்காதவரைப் பேசிச் சம்மதிக்கவைப்பது, இவற்றை வகுப்பறையில் கற்பிக்க வழியே இல்லை. மேற்பார்வையோடு நோயாளியின் மேல் கை வைத்துத்தான் கற்க முடியும்.

*4. எம்.பி.டி.* இரண்டு ஆண்டு. எலும்பு மூட்டு, நரம்பியல், இதய நுரையீரல், விளையாட்டு, குழந்தைகள் போன்ற ஒரு துறையைத் தேர்ந்து, ஆய்வேடும் எழுத வேண்டும். இங்கே மாணவர் பயிற்சிகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதில்லை. ‘இதற்கு ஆதாரம் என்ன, இந்த ஆதாரம் என் நோயாளிக்குப் பொருந்துமா?’ என்று கேட்கப் பழகுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடமாட வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று துறையில் பலர் நம்பினார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. ‘அவெர்ட்’ என்ற பெரிய ஆய்வு ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. 2015-இல் வந்த முடிவு பலரையும் நிறுத்தி யோசிக்க வைத்தது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடமாட வைத்தவர்களில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களின் விகிதம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவு. அப்படியானால் எழுப்பவே கூடாதா? அப்படி இல்லை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோரும் முதல் நாளிலேயே எழுப்பப்பட்டவர்கள்தான். கேள்வி அளவைப் பற்றியது: எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம். மாத்திரைக்கு டோஸ் இருப்பதுபோலப் பயிற்சிக்கும் டோஸ் உண்டு.

இன்னொன்று, நல்ல கையைக் கட்டிவைத்து விழுந்த கையையே பயன்படுத்த வைக்கும் பயிற்சி. பலன் தரும் என்று நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தாங்களே நிமிர்த்த முடிந்தது. ஓர் அசைவும் இல்லாத கையோடு இருப்பவரிடம் இதைச் செய்தால் அவருக்கு மிஞ்சுவது அவமானமும் அலுப்பும்தான். தலைப்பைப் படித்தவருக்கும் ஆய்வைப் படித்தவருக்கும் இடையே உள்ள தூரம் அது. எம்.பி.டி. அந்தத் தூரத்தைக் கடக்க வைக்க வேண்டும். கடக்க வைக்காத எம்.பி.டி. சுவரில் மாட்டும் இன்னொரு சான்றிதழ், அவ்வளவே.

இதற்கும் மேலே பிஎச்.டி. இருக்கிறது. கற்பிக்கவும் ஆராயவும் விரும்புகிறவர்களுக்கானது.

நம் விவசாயி வீடு திரும்பியதும் பாடப்புத்தகம் சொல்லாத கேள்விகள் வரும். அவர் சாப்பிடுவதும் படுப்பதும் தரையில். கழிப்பறை குந்தி உட்காரும் வகை. நாற்காலியிலிருந்து எழப் பழகியது போதாது, தரையிலிருந்து எழ வேண்டும். மேற்கத்தியப் புத்தகங்கள் நாற்காலியையும் படிக்கட்டையும் அளவுகோலாக வைத்து எழுதப்பட்டவை. மல்லிகைத் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே குனிந்து மொட்டு பறிக்கும் பெண்ணின் முதுகுக்கும், தறியில் உட்காரும் நெசவாளியின் முழங்காலுக்கும் அவற்றில் பதில் இல்லை. மதுரை வட்டாரத்திலிருந்து எழுதப்படும் எம்.பி.டி. ஆய்வேடுகள் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ பயன் உண்டு.

அமெரிக்காவின் டி.பி.டி. ஏன் வேறு?

இந்தியாவில் பிளஸ் டூ முடித்து நேராக பிசியோதெரபிக்குள் நுழைகிறோம். அமெரிக்காவில் முடியாது. அங்கே முதலில் ஏதாவது ஒரு பாடத்தில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். அதற்குள்ளேயே உடற்கூறியல், உயிரியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல், உளவியல் ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும். பல கல்லூரிகள், பிசியோதெரபி நடக்கும் இடத்தில் குறிப்பிட்ட மணி நேரம் உடனிருந்து பார்த்ததற்கான சான்றும் கேட்கும். அதன்பிறகு வழக்கமாக மூன்று ஆண்டு டி.பி.டி. அதில் குறைந்தது 30 வாரம் முழுநேர மருத்துவமனைப் பயிற்சி இருக்க வேண்டும் என்பது அங்கீகார அமைப்பான கேப்டியின் விதி.

அங்கும் ஒருகாலத்தில் இளநிலைப் பட்டம்தான். பிறகு முதுநிலை ஆனது. 1993-இல் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் டி.பி.டி.யை நுழைவுப் படிப்பாகத் தொடங்கியது. 2015 இறுதிக்குள் எல்லாக் கல்லூரிகளும் டி.பி.டி.க்கு மாற வேண்டும் என்று கேப்டி கெடு வைத்தது. மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம், டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளி நேராக வரும் உரிமை அங்கே மாநிலம் மாநிலமாகப் பரவியது. முதலில் பார்ப்பவருக்கு அபாய அறிகுறி தெரிய வேண்டும் என்பது நியாயமான வாதம். எதிர்வாதமும் நியாயமானது: படிப்பின் செலவு ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறவில்லை, பட்டதாரிகள் பெருங்கடனோடு வெளியே வருகிறார்கள்.

இங்கேதான் நம் பெற்றோர்கள் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் டி.பி.டி. என்பது *தொழிலுக்குள் நுழையும் பட்டம்*. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது பி.பி.டி. அங்கே இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு நுழைகிறார்கள், இங்கே பள்ளி முடிந்ததும் நுழைகிறோம். ஆகவே ‘பி.பி.டி., அதற்கு மேல் எம்.பி.டி., அதற்கும் மேல் டி.பி.டி.’ என்று ஏணிபோல அடுக்குவது சரியில்லை. நம் எம்.பி.டி. ஒரு துறையில் ஆழம் போகும் படிப்பு; அமெரிக்க டி.பி.டி. எல்லாத் துறையையும் தொட்டு உரிமத்துக்குத் தயார் செய்யும் படிப்பு.

குழப்பத்தைக் கூட்ட இன்னொன்றும் உண்டு. பாகிஸ்தானில் பள்ளிக்குப் பிறகு நேராகச் சேரும் ஐந்து ஆண்டுப் படிப்புக்கும் பெயர் டி.பி.டி. நம் நாட்டிலேயே பழைய டிப்ளமோவையும் டி.பி.டி. என்றுதான் சுருக்கினார்கள். விளம்பரத்தில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால், எந்த நாடு, எந்த அமைப்பின் அங்கீகாரம், அதை வைத்து எங்கே உரிமம் கிடைக்கும் என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

மதுரையில் படித்துவிட்டு வெளிநாட்டில் வேலை செய்ய

இந்தியப் பட்டதாரி அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆக டி.பி.டி.யை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பதில்லை. உரிமத்துக்கு வேறு பாதை இருக்கிறது:

1. பட்டமும் பாடங்களும் அமெரிக்கப் படிப்புக்கு எவ்வளவு நிகர் என்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு மதிப்பிட வேண்டும். பி.பி.டி. மட்டும் இருந்தால் பலருக்குக் கிரெடிட் குறையும். எம்.பி.டி. பாடங்கள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப உதவும். குறைவதைத் தனிப் பாடங்களாகப் படித்து ஈடுகட்ட வேண்டியும் வரலாம்.

2. டோஃபல் ஆங்கிலத் தேர்வு.

3. என்.பி.டி.இ. என்ற தேசிய உரிமத் தேர்வு. ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. 200 முதல் 800 வரையிலான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம், 12 மாதத்துக்குள் மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. ‘சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்’ என்று போகக் கூடாத தேர்வு.

4. வேலை செய்யப்போகும் மாநிலத்தின் உரிமம். நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

5. விசா. பிசியோதெரபிஸ்டுகள், செவிலியர்களைப் போலவே, ஆள் பற்றாக்குறை உள்ள தொழிலாக அங்கே பட்டியலிடப்பட்டிருக்கிறார்கள். கிரீன் கார்டு நடைமுறையில் ஒரு கட்டம் இதனால் குறைகிறது. ஆனால் இந்தியர்களுக்கான காத்திருப்பு வரிசை குறைவதில்லை.

‘டிரான்சிஷனல் டி.பி.டி.’ என்று ஆன்லைனில் வழங்கப்படும் படிப்பு ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கானது. அது மட்டும் உரிமம் வாங்கித் தராது.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ‘பிசியோதெரபிஸ்ட்’ என்ற பெயரே சட்டப் பாதுகாப்பு உள்ளது. எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே முடியாது. பதிவுக்குத் தகுதி தரும் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. ஒன்று உண்டு, பிறதுறைப் பட்டதாரிகளுக்கானது. இன்னொன்று ஓராண்டு எம்.எஸ்சி.; ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்களின் மேற்படிப்பு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் சேருவது இரண்டாவதில். அதை முடித்தால் எச்.சி.பி.சி. பதிவு தானாக வராது, நம் பி.பி.டி.யின் அடிப்படையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கிருந்தபடியேகூட அந்த விண்ணப்பத்தைப் போடலாம். பல லட்சம் கட்டிப் போய்ச் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவிப்பதைத் தவிர்க்க, பதிவு முதலில், படிப்பு பிறகு என்ற வரிசை நல்லது.

வளைகுடா நாடுகளில் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, பெரும்பாலும் பணி அனுபவம் என்று மூன்றும் கேட்பார்கள். படித்து முடித்த கையோடு விமானம் ஏற முடியாது.

‘டாக்டர்’ சர்ச்சையில் என்ன இருக்கிறது?

2025 பாடத்திட்டம், பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’, பின்னால் ‘பி.டி.’ என்று சேர்த்துக்கொள்ள இடம் தந்தது. நோயாளிகள் குழம்புவார்கள் என்று உடலியக்க மறுவாழ்வுத் துறை மருத்துவர்கள் எதிர்த்தார்கள். செப்டம்பர் கடிதமும் அதன் வாபஸும் அந்த இழுபறியின் ஒரு கட்டம்.

இதில் என் கருத்து இது. நோயாளிக்குத் தேவை, எதிரில் இருப்பவர் எம்.பி.பி.எஸ். படித்தவரா, பிசியோதெரபி படித்தவரா என்று தெளிவாகத் தெரிவது. பலகையில் பட்டமும் பதிவு எண்ணும் தமிழில் பெரிதாக இருந்தால் முன்னொட்டு யாரையும் ஏமாற்றாது. அவை இல்லாவிட்டால், முன்னொட்டை நீக்குவதால் மட்டும் யாரும் பாதுகாக்கப்படுவதும் இல்லை. நம் தெருக்களில் நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்து பட்டதாரி பிசியோதெரபிஸ்ட் அல்ல. எந்தப் படிப்பும் இல்லாமல் மெஷின் வாங்கி வைத்துக் கடை விரித்திருப்பவர்.

எம்.பி.டி. யாருக்கு, எப்போது?

சட்டப்படி தொழில் செய்ய பி.பி.டி. போதும். அப்படியானால் எம்.பி.டி. எதற்கு? கல்லூரியில் கற்பிக்க அது அவசியம். பெரிய மருத்துவமனைகளில் சிறப்புப் பிரிவு வேலைக்கு உதவும். வெளிநாட்டு மதிப்பீட்டிலும் கைகொடுக்கும்.

உள்ளூர் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடி பிசியோதெரபி தருகிறது. ஊராட்சி ஒன்றிய அளவில் பிசியோதெரபிஸ்டுகள் வேலை செய்கிறார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக வட்டார வள மையங்களிலும் இருக்கிறார்கள். இப்பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த, தொகுப்பூதிய அடிப்படையில் உள்ளவை. நிரந்தர அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு. தனியாரில் தொடக்கச் சம்பளம், படித்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் வருத்தம் தரும் அளவில் இருக்கிறது. எம்.பி.டி. முடித்ததும் சம்பளம் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டு இன்னொரு கடன் வாங்குவது ஆபத்து.

ஆகவே நான் சொல்வது: பி.பி.டி. முடித்ததும் ஓரிரு ஆண்டு வேலை பாருங்கள். எந்த நோயாளியிடம் நேரம் போவது தெரியவில்லை, எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் திணறுகிறீர்கள் என்று அப்போது தெரியும். துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான். ‘ஸ்போர்ட்ஸ் நல்லா போகுதாம்’ என்று கேள்விப்பட்டு நரம்பியலை விட்டு ஓடியவர்கள், கடைசியில் பார்ப்பது பக்கவாத நோயாளிகளையும் மூட்டுவலி நோயாளிகளையும்தான். மதுரை வட்டாரத்தில் நாள்தோறும் வருகிறவர்கள் அவர்களே.

கல்லூரியில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பட்டத்தின் பெயர் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றே. பயிற்சி ஒன்று அல்ல. வித்தியாசம் பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கிறது.

1. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, இல்லை வேறு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்களா? எந்த ஆண்டிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

2. அந்த மருத்துவமனையில் ஐ.சி.யூ., நரம்பியல், எலும்பு முறிவு, குழந்தைகள் ஆகிய பிரிவுகள் எல்லாம் நடக்கின்றனவா? வெளிநோயாளிகளின் கழுத்துவலி, முழங்கால்வலி மட்டும் பார்த்துப் பயிற்சி முடித்தவர் மற்ற நோயாளிகளைச் சந்திக்கும்போது தடுமாறுவார்.

3. நோயாளியிடம் மாணவர் இருக்கும்போது எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் கூட இருக்கிறார்? கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும் இடமா?

4. எம்.பி.டி. என்றால், அந்தத் துறையில் வழிகாட்டி முழுநேரமாக இருக்கிறாரா? முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தலைப்புகள் ஒன்றுபோலவே இருந்தால் காரணம் கேளுங்கள்.

5. பல்கலைக்கழக இணைப்பு நீங்கள் சேரும் ஆண்டுக்குச் செல்லுபடியாகிறதா? புதிய பாடத்திட்டம் உங்கள் பிள்ளையோடு சேரும் மாணவர்களுக்குப் பொருந்துமா? ஐந்தாண்டுப் படிப்பு என்றால் கட்டணமும் விடுதிச் செலவும் எத்தனை ஆண்டுக்கு, இன்டர்ன்ஷிப் ஆண்டில் உதவித்தொகை உண்டா? இவற்றுக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். ‘கடைசியாக எந்த நோயாளியை நீங்களே பரிசோதித்தீர்கள், என்ன கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேளுங்கள். நோயாளிகளோடு பழகிய மாணவர் விவரமாகச் சொல்லத் தொடங்குவார். பழகாதவரால் நோயின் பெயரைத் தாண்டிப் பேச முடியாது.